மலைமுழுங்கி ஏன் சுவரைப் பார்த்தான்

விளையாட்டு ரசனைக் கழகத்திலிருந்து யாரோ வந்திருப்பதாக அப்பா வந்து சொன்னபோது, பெரியவள் ஒரு ராட்சத ரோபோவின் இடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து மாடி உயரமுள்ள ரோபோ. வலது பக்கம் ஜோராக ஆடிய இடுப்பு, இடது பக்கம் வர மறுத்தது. இடது பக்கத்தை இன்னும் யாரும் வரையவில்லை என்பதுதான் காரணம். வரைய வேண்டியவள் சின்னவள். அவளைக் கேட்டால் "இதோ" என்பாள்.

அக்காவும் தங்கையுமாகச் செய்த கணினி விளையாட்டு அது. பெயர் 'மலைமுழுங்கி'. சிமெண்ட் கம்பெனியில் சம்பளக் கணக்குக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த பெரியவள், இனி ஒரு சம்பளச் சீட்டைப் பார்த்தாலும் கத்திவிடுவோம் என்ற கட்டத்தில் வேலையை விட்டு வந்து எழுதியது. பிஸ்கட் பாக்கெட்டுக்குச் சிரிக்கிற கோதுமை மணி வரைந்துகொண்டிருந்த சின்னவள் படம் போட்டது. ஒரு நகரம், அதில் இரண்டு இரும்பு ராட்சதர்கள். நம்முடையவன் மலைமுழுங்கி. எதிரில் வருகிறவனைக் குத்த வேண்டும், தூக்கி வீச வேண்டும், முடிந்தால் பேருந்து நிலையத்தைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும். கதை அவ்வளவுதான். மலைமுழுங்கி உயிர்பெறும்போது கேட்கும் பயங்கர உறுமல், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான அப்பா காலையில் தொண்டையைச் செருமுகிற சத்தம். அதைப் பதிவுசெய்து கொஞ்சம் தாழ்த்தியிருந்தார்கள். ரொம்பத் தாழ்த்தத் தேவைப்படவில்லை.

ஜெயித்தால் மலைமுழுங்கி ஆட வேண்டும் என்பது திட்டம். அப்பா சீட்டாட்டத்தில் ஜெயிக்கும்போதெல்லாம் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, வலமும் இடமுமாக ஒரு ஆட்டம் போடுவார். அதே ஆட்டம். ஆனால் வெளியிடும் நாள் வந்துவிட்டது, ஆட்டம் வரவில்லை. பெரியவள் வேறு வழியில்லாமல், ஜெயித்தவன் அப்படியே திரும்பி நிற்கட்டும் என்று எழுதி, பக்கத்தில் 'இப்போதைக்கு' என்றும் குறித்துவைத்தாள். திரும்பிய திசையில் ஒரு கட்டடத்தின் வெறும் சுவர் இருந்தது. ஆக, எதிரியைத் துவைத்துப் போட்ட கையோடு மலைமுழுங்கி சுவரைப் பார்த்து நின்றான்.

வாங்கி ஆடியவர்கள் குழம்பினார்கள். "ஜெயிச்சதும் ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறான்? என் மேல கோபமா?" என்று ஒருவர் எழுதினார். "நான் ஜெயிச்சது அவனுக்கே பிடிக்கல போல" என்று இன்னொருவர். அந்த வாரத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்று இருந்தபோதுதான் கழகத்துச் செயலாளர் வந்து நின்றார்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காலடியில் ஓடிய கம்பிகளை மிதிக்காமல் இரண்டு பாதங்களையும் சற்றுத் தூக்கியே வைத்திருந்தார்.

"மலைமுழுங்கியைப் படைத்தவர்கள் நீங்கள்தானா?"

"படைச்சதுன்னா... ஆமா சார். நாங்கதான் பண்ணோம்" என்றாள் பெரியவள்.

"அந்தச் சுவர்..." என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. புகார் இவ்வளவு தூரம் போய்விட்டதா? "மன்னிச்சுக்கங்க சார். அந்தச் சுவர் சமாசாரம் இந்த வாரத்துல போயிடும். ஆட்டம் பாதி வந்துடுச்சு, இங்க பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். வலது இடுப்பு ஆடியது.

செயலாளர் எழுந்தே விட்டார். "தொடாதீங்க! முதல்ல கையை எடுங்க அதுலருந்து!"

பிறகு தண்ணீர் குடித்து, ஆசுவாசப்பட்டு, விஷயத்தைச் சொன்னார். கழகத்தின் பொதுக்குழு மலைமுழுங்கியை 'நிலைபேறுடைய படைப்பு' என்று ஒருமனதாக அறிவித்திருக்கிறது. நிலைபேறு பெற்ற படைப்பை யாரும் மாற்றக் கூடாது.

"செஞ்சவங்களுமா?"

"குறிப்பாக அவர்கள்தான்."

இதற்குள் சின்னவள் உள்ளேயிருந்து வந்து நின்றிருந்தாள். தலையில் பென்சில் செருகியிருந்தது. "என்னக்கா? என்ன சொல்றாரு?"

"நீ முடிக்காம விட்டதுக்குப் பரிசு குடுக்கறாங்களாம்" என்றாள் பெரியவள். கிண்டலாகத்தான் சொன்னாள். செயலாளர் அதைத் திருத்தவில்லை.

விழா கழகத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஒரு கணினி இருந்தது. கழகத்தில் இருந்த ஒரே கணினி அது. திறப்புவிழாக்களில் மேலே போர்த்திய வெல்வெட் துணியை விலக்குவதற்காக வைத்திருந்தார்கள். தலைவர் துணியை விலக்கினார். கைதட்டினார்கள். மறுபடி மூடினார்.

தலைவர் உயரமானவர், வெள்ளைத் தலை, கனமான குரல். பேசும்போது கண்களை மூடிக்கொள்வார்.

"என்னைப் பலர் கேட்கிறார்கள், ஐயா, நீங்கள் விளையாடுவதுண்டா என்று. நான் பெருமையோடு சொல்கிறேன், இதுவரை ஒரு விளையாட்டைக்கூட நான் ஆடியதில்லை. நீதிபதி என்ன, கொலை செய்துபார்த்துவிட்டா தீர்ப்புச் சொல்கிறார்? ஆடுகிறவனுக்கு ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசை வந்துவிடும். ஆசை வந்த இடத்தில் ரசனை நிற்காது. அதனால்தான் கழகத்தில் ஆடுவதற்கென்று ஓர் உதவியாளரை நியமித்திருக்கிறோம். அவர் தம் வீட்டில் ஆடுவார், அறிக்கை தருவார். அறிக்கையைக் குழு ரசிக்கும். ஆடும்போது அவர் ரசிக்கக் கூடாது என்பது பணிவிதி."

மேடையின் ஓரத்தில் மெலிந்த மனிதர் ஒருவர் எழுந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் பணிவிதி நன்றாகத் தெரிந்தது.

"அந்த அறிக்கையில் ஒரு வரி. 'எதிரி வீழ்ந்ததும் மலைமுழுங்கி திரும்பிச் சுவரைப் பார்க்கிறான்.' நான் அழுதுவிட்டேன். வென்றவன் வெட்கப்படுகிறான்! எத்தனை போர்கள், எத்தனை வெற்றிகள், யாராவது ஒருவன் சுவரைப் பார்த்தானா? இதைத் தீட்டிய கை எது? அந்தக் கை மேடைக்கு வரட்டும்."

சின்னவளின் கை மேடைக்குப் போனது. கூடவே சின்னவளும் போனாள். பெரியவள் பின்வரிசையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரிச்சுச் சொல்லேம்மா, அது சும்மா வெச்சதுன்னு" என்றார் அப்பா மெதுவாக.

"இப்பவாப்பா? அவ மூஞ்சியைப் பாருங்க."

சின்னவளின் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். இப்படி ஒரு முகத்தோடு தங்கையைப் பெரியவள் பார்த்ததேயில்லை.

அதன் பிறகு காரியங்கள் வேகம் பிடித்தன. நூலகங்களிலும் கல்லூரிகளிலும் மலைமுழுங்கியை வைத்தார்கள். ஒவ்வொரு கணினிக்குப் பக்கத்திலும் கழகத்தின் அறிவிப்புப் பலகை: 'வென்றவர்கள் வெட்கப்படவும்.' வென்றபின் சிரித்த ஒரு கல்லூரி மாணவியை வெளியே அனுப்பினார்கள். தோற்றவர்கள் சிரிக்கலாமா என்று கேட்டு ஒரு கல்லூரி எழுதியது. அதை ஆராயத் துணைக்குழு போட்டார்கள்.

கழகத்துக்குள்ளேயே இரண்டு கட்சிகள் உண்டாயின. மலைமுழுங்கி வெட்கத்தால் சுவரைப் பார்க்கிறான் என்றது தலைவரின் கட்சி. அவன் எதையுமே பார்க்கவில்லை, சுவர்தான் அவனைப் பார்க்கிறது என்றது எதிர்க்கட்சி. இரு தரப்பும் ஒரே மேசையில் தேநீர் குடிப்பதை நிறுத்தின. சண்டையைத் தீர்க்க 'சுவர்: ஒரு மறுபார்வை' என்ற மாநாட்டை அறிவித்தார்கள்.

பெரியவள் செயலாளரைப் போய்ப் பார்த்தாள். "சார், மாநாட்டுல நான் ஒரே ஒரு நிமிஷம் பேசணும். அந்தச் சுவர் ஏன் வந்துச்சுன்னு சொல்லிட்டு இறங்கிடறேன்."

"பேசலாமே. தகுதிபெற்ற ரசிகர் யார் வேண்டுமானாலும் பேசலாம். ரசனைத் தகுதித் தேர்வு எழுதியிருக்கிறீர்களா?"

"சார், அந்த விளையாட்டைச் செஞ்சதே நான்."

"அதனால் சலுகை எதிர்பார்க்கிறீர்களா?" என்று செயலாளர் வருத்தத்தோடு கேட்டார்.

எழுதினாள். மலைமுழுங்கி ஏன் சுவரைப் பார்க்கிறான் என்பதுதான் முக்கியக் கேள்வி. 'ஆட்டம் இன்னும் வரைந்து முடியவில்லை' என்று உள்ளதை எழுதினாள். தேறவில்லை. திருத்தியவர் கீழே குறிப்பு எழுதியிருந்தார்: 'விளையாட்டைப் பற்றிய அடிப்படைப் புரிதல் இல்லை. இவர் ஒருமுறையாவது ஆடிப் பார்ப்பது நல்லது.'

அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேராகத் தங்கையின் மேசைக்குப் போனாள்.

"இடது பக்கத்தை வரைஞ்சு குடு. இன்னிக்கே விளையாட்டுல ஏத்திடறேன். கழகம் என்ன வேணா பண்ணிக்கட்டும்."

சின்னவள் இப்போதெல்லாம் கறுப்பு உடைதான் உடுத்தினாள். பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் நிறுத்தினாள். "இடது பக்கம்னு ஒண்ணு இல்லக்கா. அது வெறுமை."

"என்னது?"

"வெறுமை. அதுலதான் எல்லாமே இருக்காம்."

"வரைய சோம்பல்பட்டதுக்கு இது ஒரு பேரா? அதுக்கு ஒரு தலைவர், ஒரு மாநாடு!"

சின்னவள் இந்த முறை நிறுத்தவில்லை, உடனே பேசினாள். பழைய குரலில். "இந்த வீட்டுல என் பேரு என்னக்கா? அரைகுறை. பாதி பின்னின ஸ்வெட்டர், பாதி கத்துக்கிட்ட நீச்சல், பாதியில விட்ட படிப்பு. சொந்தக்காரங்க வந்தா, இவதான் எங்க அரைகுறைன்னு சொல்லிச் சிரிப்பீங்க. நானும் சிரிப்பேன். முதல் தடவையா ஒருத்தர் வந்து, நீ பாதியில விட்டதுதான்மா அழகுன்னு சொல்றாரு. அதை நான் எதுக்கு முடிக்கணும்? முடிச்சா மறுபடி நான் யாரு?"

செல்லமாகத்தான் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள். அந்தச் செல்லம் எங்கே போய்க் குத்துகிறது என்று யாரும் பார்த்ததில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அக்காவும் தங்கையும் அதன்பின் சாப்பாட்டு மேசையில் உப்பை எடு, தண்ணீரை நகர்த்து என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அப்பாதான் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டார்.

சின்னவளின் மனத்தில் வேறொரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ராட்சத ரோபோக்களின் நீச்சல் போட்டி. ஒருவன் குதித்தால் ஊர்க் குளம் வற்றிவிடும். அதைத் தலைவரிடம் சொன்னால் மகிழ்வார் என்று ஒருநாள் கழகத்துக்குப் போனாள். தலைவர் கண்களை மூடிக் கேட்டார்.

"மலைமுழுங்கியில் பாதியை விட்டீர்கள். மகத்தானது. அடுத்த படியை யோசியுங்கள். இதை நீங்கள் தொடங்கவே வேண்டாம்."

"தொடங்காமயா?"

"தொடங்கினால் கொஞ்சமாவது முடிந்துவிடுகிற ஆபத்து இருக்கிறதே. நான் குழுவிடம் பேசுகிறேன். தொடங்கப்படாத படைப்புக்கு நிலைபேறு தருவது உலகத்திலேயே முதல்முறையாக இருக்கும். ஒரு வேண்டுகோள், இனி நீங்கள் பென்சிலைத் தொடக் கூடாது. வரலாறு உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது."

வீட்டுக்கு வந்த சின்னவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் சும்மா இருக்கவில்லை. குளத்துக்குள் குதிக்கிற ராட்சதனின் கால் எப்படி மடங்கும் என்று அவை மேசைமேல் தாமாகவே கோடு போட்டுக்கொண்டிருந்தன. அதைத் தடுக்க, அவள் கணினியைத் திறந்து, ஆடியவர்கள் எழுதியனுப்பிய குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தாள். கழகத்தின் பாராட்டுகள் வந்த பிறகு அவற்றைப் படிப்பதை அவள் விட்டிருந்தாள்.

அதில் ஒன்று, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் எழுதியது.

"வேலை முடிஞ்சு வந்து தினமும் ஒரு ஆட்டம் ஆடுவேன். வார்டுல நாள் முழுக்க ஓடறேன். டாக்டர் முதுகைக் காட்டிட்டுத்தான் பேசறாரு. வீட்டுலயும் அப்படித்தான். கஷ்டப்பட்டு இவனை ஜெயிக்க வெச்சா இவனும் முதுகைக் காட்டறான். தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொல்ல முடியுமா?"

சின்னவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு பதக்கம் கிடந்த மேசை இழுப்பறையைத் திறந்து, பதக்கத்துக்கு அடியிலிருந்து பென்சிலை உருவினாள்.

"அப்பா, இங்க வாங்க. எழுந்து நின்னு உங்க ஆட்டத்தை ஆடுங்க. இடது பக்கம் எனக்கு வேணும்."

அப்பா வந்து நின்றார். இடுப்பில் கைவைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. "ஜெயிக்காம எப்படிம்மா ஆடறது? சும்மா வராது அது."

சீட்டுக்கட்டை எடுத்தார்கள். சின்னவள் சமையலறை வாசலில் போய் நின்றாள். "அக்கா. மூணாவது கை வேணும்."

அதுதான் சமாதானம். பெரியவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்பாவிடம் தோற்பது சாதாரண வேலையல்ல. அவர் அவ்வளவு மோசமாக ஆடுவார். நல்ல சீட்டையெல்லாம் தூக்கி எறிந்தார். மகள்கள் இருவரும் விட்டுக்கொடுக்க விட்டுக்கொடுக்க, அவர் அதைவிடத் தாராளமாக விட்டுக்கொடுத்தார். மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று. ஒருவழியாக அவரை ஜெயிக்கவைத்தபோது அக்காவுக்கும் தங்கைக்கும் வியர்த்துவிட்டது. அப்பா எழுந்தார். தொண்டையைச் செருமினார். வலது பக்கம் ஒரு வெட்டு, இடது பக்கம் ஒரு வெட்டு, நடுவில் யாரும் எதிர்பாராத ஒரு குலுக்கல்.

சின்னவளின் பென்சில் ஓடியது. "இன்னொரு தடவைப்பா! முட்டியை மடக்குங்க!"

அவள் முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. முடித்தாள். பெரியவள் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடி" என்று மட்டும் சொன்னாள். சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கணுக்காலை இன்னும் கொஞ்சம் பார்க்கணும்" என்றாள்.

மாநாட்டன்று காலையில்தான் புதிய ஆட்டத்தை விளையாட்டில் ஏற்றினார்கள். எல்லாக் கணினிகளுக்கும் அது தானாகப் போய்ச் சேர்ந்தது. சின்னவளைச் சிறப்பு விருந்தினராக முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். பெரியவள் தேர்வில் தேறாதவள் என்பதால் வாயைத் திறக்க மாட்டேன் என்று உறுதியளித்து உள்ளே வந்திருந்தாள். இரண்டு கட்சிக்காரர்களும் மண்டபத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து உட்கார்ந்தார்கள். எதிர்த்தரப்பான சுவர்க் கட்சியின் பேராசிரியை, தாம் மூன்று மாதம் ஒரு சுவரின் முன்னால் உட்கார்ந்து ஆராய்ந்ததாகவும், முடிவில் சுவருக்குத் தம்மைப் பிடித்துப்போனதாகவும் அறிவித்தார். தலைவர் மறுத்துப் பேசினார். "சுவருக்குக் கண் உண்டு என்கிறார் பேராசிரியை. நான் மறுக்கவில்லை. ஆனால் ரசனை உண்டா? ரசனை கழகத்துக்கு மட்டுமே உண்டு."

முத்தாய்ப்பாகப் பெரிய திரையில் நேரடி ஆட்டம். உதவியாளர் வந்து உட்கார்ந்தார். கல்போன்ற முகத்தோடு எதிரியைக் குத்தினார், வீசினார், பேருந்து நிலையத்தைக் கவிழ்த்தார். எதிரி விழுந்தான். மண்டபம் தலைகுனிந்து வெட்கத்துக்குத் தயாரானது.

மலைமுழுங்கி திரும்பிச் சுவரைப் பார்த்தான். தலைவர் கண்களை மூடினார். அப்போது மலைமுழுங்கி மெல்லத் திரும்பி, ஆடியவரை நேருக்கு நேர் பார்த்தான். பதினைந்து மாடி உயர இடுப்பில் கையை வைத்தான். வலது பக்கம் ஒரு வெட்டு. இடது பக்கம் ஒரு வெட்டு. குலுக்கலில் நகரத்தின் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் உதிர்ந்தன.

முதலில் சிரித்தவர் உதவியாளர். எத்தனையோ வருடமாக அடக்கிவைத்த சிரிப்பு. விக்கலில் ஆரம்பித்து, மேசையைத் தட்டி, நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். யாரோ கைதட்டினார்கள். முன்பு சிரித்ததற்காக வெளியே அனுப்பப்பட்டிருந்த கல்லூரி மாணவி ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நின்று விசிலடித்தாள். சுவர்க் கட்சிப் பேராசிரியை, "சுவர் எங்கே? யாராவது சுவரைக் காட்டுங்கள்!" என்று கேட்டது யார் காதிலும் விழவில்லை.

தலைவர் கண்களைத் திறந்தார். திரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நினைவு வந்தவராக, "நிறுத்துங்கள்" என்றார்.

விசாரணை அங்கேயே நடந்தது. "யார் செய்தது இதை?"

சின்னவள் எழுந்தாள். "நான்தாங்க. முடிச்சுட்டேன்."

"முழுமையாகவா?"

"கணுக்கால் உட்பட."

தீர்ப்பைச் செயலாளர் படித்தார். 'மலைமுழுங்கி என்னும் இவ்விளையாட்டு, கழகத்தின் கண்முன்னே, அனைவரும் அறிய, விளையாட்டாகிவிட்டது. ஆகவே அதன் நிலைபேறு இன்றுடன் நீக்கப்படுகிறது.' உதவியாளர் பணிவிதியை மீறியதாக நீக்கப்பட்டார். அவர் அதற்கும் சிரித்தார்.

அன்று மாலையே அறிவிப்புப் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். ஆடுகிறவர்களின் எண்ணிக்கை ஏறியது. நர்ஸ் எழுதியிருந்தார்: "பார்த்தான்." அவ்வளவுதான். சின்னவள் அதைப் பெரிதாக எழுதித் தன் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தாள். கீழே நீச்சல் ராட்சதன் பாதி குதித்த நிலையில் இருந்தான். கேட்டதற்கு "இதோ" என்றாள். பெரியவள் கோபித்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மதியம், தலைவர் தனியாக வீட்டுக்கு வந்தார். பதக்கத்தைத் திரும்பப் பெற வேண்டுமாம். இதற்குச் செயலாளரை அனுப்பியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. சின்னவள் பதக்கத்தைத் தேடப் போனாள். அது லேசில் அகப்படவில்லை.

தலைவர் சுவர்களைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அப்பா ஆடிக்கொண்டிருந்த திரையை மட்டும் பார்க்காமல் பார்த்தார். கடைசியில் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பெரியவள் பக்கம் குனிந்து கேட்டார்:

"அந்த முதல் எதிரி... வட்டத் தலைக்காரன். அவனை எப்படிம்மா அடிக்கிறது? நானும் வீட்டுல பத்து நாளா பார்க்கறேன். கிட்ட போனாலே தூக்கி அடிச்சுடறான்."

அப்பா கையிலிருந்த கட்டுப்பாட்டுக் கருவியை அவரிடம் நீட்டினார். தலைவர் அதைப் பிறந்த குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்கினார். தோற்றார். மறுபடி தோற்றார். கோட்டைக் கழற்றினார். "வலது பக்கம் போங்க சார், வலது பக்கம்!" என்று அப்பா கத்தினார். "போறேன்யா, விட மாட்டேங்கறானே!" என்று தலைவரும் கத்தினார். பதக்கத்தோடு வந்த சின்னவள் கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். கீழே காரோட்டி ஹாரன் அடித்தார். "இருக்கச் சொல்லுங்க அவனை!" என்றார் தலைவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வட்டத் தலைக்காரன் விழுந்தான். மலைமுழுங்கி திரும்பி, இடுப்பில் கைவைத்தான். தலைவர் மெதுவாக எழுந்து நின்றார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தம் இடுப்பில் கைவைத்தார்.

சற்று நேரம் கழித்து அவர் கோட்டை மாட்டி, தலையைச் சீவி, பதக்கத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். மூச்சு இன்னும் வாங்கியது. படியில் நின்று திரும்பி, மேடைக் குரலில் சொன்னார்:

"இங்கு நடந்த எதுவும் கழகத்தின் கருத்தல்ல."

"சரிங்க சார்" என்றார் அப்பா. "அடுத்த தடவை ஷூவைக் கழட்டிட்டு ஆடுங்க. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க."